ஷான்டெல் போட்ட இஞ்சி பீர்

இஞ்சியைத் தோலோடுதான் துருவ வேண்டும், சார்ஜென்ட். தோலைச் சீவிப் போட்டால் பாதிக் காரம் குப்பைக்குப் போய்விடும். உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. உங்கள் மனைவி இஞ்சி பீரைக் கடையில் வாங்குகிறவர் என்று கேள்வி.

விபத்து என்று நீங்கள் முடித்துவைத்த விஷயத்துக்காக நானாக வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

லெனாக்ஸ் செம்பிள் என் பக்கத்து வீட்டுக்காரர். அரிசி ஆலையில் மெக்கானிக். அவர் மனைவி யூனா என் சிநேகிதி. அவள் இறந்த பிறகு கிறிஸ்துமஸ் தவறாமல் அந்த வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள் நான். ரம்மில் ஊறிய பழம் போட்ட கறுப்பு கேக்கும் இஞ்சி பீரும் அனுப்பியவளும் நான்தான். ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. லெனாக்ஸ் மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. யூனாவின் வீடு யூனாவின் வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு உதிரிப் பாகம் வாங்கப் போனவர் ஷான்டெலைக் கட்டிக்கொண்டு திரும்பினார். அவர் வயதில் பாதி இருப்பாள். வந்த வாரமே நான் தைத்த திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய பளபளப்புத் துணியை மாட்டினாள். என்னை ‘ஆன்ட்டி’ என்று வேறு கூப்பிட்டாள். நான் லெனாக்ஸைவிட இளையவள், சார்ஜென்ட்.

டிசம்பர் பிறந்ததும் வேலியைத் தாண்டி வந்து நின்றாள்.

“ஆன்ட்டி, எனக்கு இஞ்சி பீர் போடக் கத்துக்குடுங்களேன். லெனாக்ஸுக்குத் தெரிய வேணாம். கிறிஸ்துமஸுக்கு வர்றவங்களுக்கெல்லாம் நானே ஊத்தித் தரணும்.”

“உங்கம்மா கத்துத் தரலியா?”

“எங்கம்மா கடையிலதான் வாங்குவாங்க.”

“பாத்தாலே தெரியுது.”

குத்தியது அவளுக்கு உறைக்கவில்லை. சிரித்தாள். “உங்க கையால போட்டாத்தான் அது இஞ்சி பீராம். சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்குறாரு. இந்த வருஷம் அவர் வாயை அடைக்கணும்.”

“என்ன சொன்னாரு?”

அவள் மறுபடியும் சொன்னாள். நான் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

அந்த ஆசைக்குப் பின்னால் இருந்த பயம் நியாயமானதுதான். சர்ச் முடிந்ததும் ஊரே வீடு வீடாக ஏறும், ஏறின வீட்டிலெல்லாம் ஒரு கிளாஸ் குடிக்கும். சப்பென்று ஊற்றினவளை ஈஸ்டர் வரைக்கும் மெல்லுவார்கள். அதுவும் வெளியூர்க்காரி, யூனாவின் இடத்துக்கு வந்தவள். அந்த ஒரு கிளாஸில்தான் இந்த ஊர் அவளைச் சேர்க்குமா தள்ளுமா என்பது இருந்தது.

கற்றுக்கொடுத்தேன். துருவிய இஞ்சி, கிராம்பு, ஜாதிபத்திரி, ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய தண்ணீர், சர்க்கரை, ஒரு பிடி பச்சரிசி. பெரிய ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, படியில் வெயில் படும்படி வைக்க வேண்டும். பிறகு வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றலாம். இதில் ஒரு சொல் பொய் இல்லை.

பாட்டிலில் ஊற்றியதை நிழலில் வைத்து, தினமும் காலையில் மூடியைத் திருகி, உள்ளே புளித்துச் சேர்ந்த காற்றை வெளியே விட வேண்டும். அதை நான் சொல்லவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் டிசம்பரில் கண் விழிக்கின்றன. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாட்டில்களைக் கொடுத்தது நான். அவள் பிளாஸ்டிக் பாட்டில்தான் வாங்கி வைத்திருந்தாள். பெரியவர்களுக்குப் பிளாஸ்டிக்கிலா ஊற்றுவாய் என்று கேட்டு, தட்டையான பழைய ரம் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய கண்ணாடி. மூடிகள் புதுசு, இறுக்கமாகப் பிடிக்கும். சுத்தமாகக் கழுவியிருந்தேன். அவள் என் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

ஊற்றும்போது இன்னும் இரண்டு கை சர்க்கரை போடச் சொன்னேன். லெனாக்ஸுக்குத் தித்திப்பு பிடிக்கும். அதுவும் உண்மைதான், சர்க்கரை கூடினால் உள்ளே காற்றும் கூடும் என்பதும் உண்மைதான்.

“இனி என்ன பண்ணணும், ஆன்ட்டி?”

“தொடாதே. வெயில்லயே இருக்கட்டும். தொறந்தா சத்தெல்லாம் போயிடும்.”

லெனாக்ஸ் ஆலைக்குப் போனதும் அவள் பாட்டில்களைப் பின்பக்கப் படியில் அடுக்குவாள். அவர் திரும்புமுன், தூண்மேல் நிற்கும் அந்த வீட்டுக்கு அடியில் பெட்டியில் ஒளித்துவிடுவாள். அந்தப் படி, நான் உட்கார்ந்து தைக்கிற ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. மூடிகள் உப்பி வருவதை அங்கிருந்தே பார்த்தேன். ஊராரின் கிறிஸ்துமஸ் திரைச்சீலை வேலை தலைக்குமேல் கிடந்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் ஒரு பாட்டில் வெடித்தது. அவள் வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு தானா ஒடைஞ்சிடுச்சு. எல்லாத்தையும் கொட்டிடவா?”

அப்போதுகூட எனக்கு நேரம் இருந்தது. ‘ஆமாம், கொட்டிவிடு’ என்று சொல்லியிருக்கலாம்.

“அந்தப் பாட்டில்ல விரிசல் இருந்திருக்கும். கொட்டிட்டு எதை ஊத்துவே, கடை சோடாவையா?”

“அப்போ ஆயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“எடுத்துக் காதுகிட்ட வெச்சு லேசா ஆட்டிப் பாரு. உள்ள பாடும்.”

இந்தக் கடற்கரை ஊர்கள் முழுக்கத் தேடினாலும் அப்படிப் பார்க்கிற ஒரு பெண் கிடைக்க மாட்டாள். அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கிச் சொன்னேன். முகத்தருகே வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் கடைசித் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. அவளும் கத்தினாள். முதலில் ஓடிப் போனவள் நான்தான். அந்தத் திரைச்சீலையையே நனைத்து அவள் முகத்தில் வைத்துக் கட்டினேன்.

ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு லெனாக்ஸிடம் சொன்னாள்: “ஆன்ட்டி சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க. நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்.”

அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் ஆலை வேலையை விட்டுவிட்டார். பெப்பர்பாட் குழம்பில் ரொட்டியை நனைத்து அவளுக்கு ஊட்டுகிறார். அவள் தலையைப் பின்னிவிடுகிறார். அந்தப் பளபளப்புத் திரைச்சீலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறார். ஜன்னல் பக்கத்தில் இருப்பதால் எனக்கு எல்லாம் கேட்கிறது.

வைத்தியத்துக்காக ஜார்ஜ்டவுனுக்கே போகிறார்களாம். வீட்டை விற்றாகிவிட்டது. அதைச் சொல்ல நேற்று என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சாலையைப் பார்த்தபடியே, “நல்லா இருங்க, இஸ்மே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு வருஷம் கேக் அனுப்பியவளுக்கு அந்த மூன்று சொல். அதில் எனக்கு வருத்தமில்லை. உண்மை தெரிய வேண்டும் என்றுதான் வந்தேன். அவள் கண்ணைப் பறித்தது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் போய் அவரிடம் சொல்ல வேண்டாம். அவரை இங்கே வரவழையுங்கள். இந்த நாற்காலியில் எனக்கு எதிரே உட்காரட்டும், நான் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை அவரால் வேறெங்கும் பார்க்க முடியாது.

அதற்குமுன் உங்களிடம் ஒரு சீப்பு இருந்தால் கொடுங்கள். வந்த காற்றில் தலையெல்லாம் கலைந்துவிட்டது.