தொண்ணூறு மில்லி

வரல மேடம். வந்தா வெச்சுக்கிட்டா இருப்பேன்? கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு உத்துப் பாத்தா யாருக்குத்தான் வரும்? பாக்கணும்ங்கிறது சட்டம், தெரியுது. ஊக்கமருந்துப் பரிசோதன எனக்கொண்ணும் புதுசில்ல. தொண்ணூறு மில்லி வேணும், அவ்ளோதானே? இன்னொரு தண்ணி பாட்டில் குடுங்க.

சுமோக்காரியா, இவ்ளோ ஒல்லியா இருக்காளேன்னுதானே பாக்குறீங்க? எங்க ஊரு மேயரும் அதத்தான் கேட்டாரு. எடைப் பிரிவு இருக்குங்க. எனக்கு எழுபத்து மூணு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் ஏறினாலும் பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் ஜூடோ. வயித்தக் கட்டியே வயசு போச்சு. கோச் ரூலஃப் என்னைய பிளாஸ்டிக் சட்டையப் போட்டு ஓட விடுவான். அவன் மட்டும் பக்கத்துல சைக்கிள்ல, வறுத்த உருளைக்கிழங்கத் தின்னுக்கிட்டே வருவான், படுபாவி. அவ்ளோ பட்டினிக்கும் என்ன கெடச்சுது? ஐரோப்பாவுல ஏழாவது எடம். அப்புறம் சங்கத்துலேந்து ஒரு கடுதாசி. உங்க சேவைக்கு நன்றி, உடுப்பத் தொவச்சுத் திருப்பி அனுப்பவும்னு.

அப்பத்தான் சுமோவுக்கு வந்தேன். மொத தேசியப் போட்டி ஒரு பள்ளிக்கூட ஜிம்முல. எங்க பிரிவுல மூணே பேரு. ஒருத்திக்குச் சுளுக்கு, இன்னொருத்தி ரயில விட்டுட்டா. நான் சாம்பியன்! சிரிங்க மேடம், நானே சிரிச்சேன். பேப்பர்ல போட்டோகூட வந்துச்சு, காணாமப் போன பூனைக்குக் கீழ.

எங்கம்மாதான் சிரிக்கல. உள்ள சைக்கிள் டவுசர் போட்டிருந்தாலும் கோவணம் கோவணம்தானே? பிறந்தநாள் வீட்டுல நாற்காலிய வட்டமாப் போட்டு உக்காந்திருப்பாங்கல்ல, உங்க பொண்ணு வீட்ஸ்கே என்ன பண்றான்னு யாராச்சும் கேட்டா, ஏதோ ஜப்பான் சமாச்சாரம்னு முடிச்சிரும். பக்கத்து வீட்டு டினெக்கே அஞ்சு வருஷமா நான் ஜப்பான் சமையல்காரின்னு நெனச்சிட்டிருக்கா. முப்பது பேருக்கு மீன் செஞ்சு தருவியான்னு வேற கேட்டா! பதினேழு வருஷத்துல ஒரு போட்டிக்கும் அம்மா வந்ததில்ல மேடம். அது எனக்கு வலிச்சுது.

பிஸ்கட் டப்பா சங்கதி தெரியுமில்ல? காப்பிக்கு ஒண்ணு எடுத்ததும் மூடியப் போட்டுருவாங்க. நம்ம நாட்டுல எல்லா வீட்லயும் அப்படித்தான், ஆனா எங்கம்மா போடுற வேகத்துல வெரல் மாட்டிக்கும். எங்கப்பா செத்தன்னைக்கு வந்தவங்களுக்கும் தலைக்கு ஒண்ணுதான்.

அப்படிப்பட்ட அம்மா இன்னைக்குக் காலைல கோட்டு மாட்டிக்கிட்டு நிக்குது. நானும் வரேன்டீங்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காப்பி ஊத்துச்சு, டப்பாவத் தொறந்துச்சு, மூடாம எம்பக்கம் தள்ளுச்சு. தின்னுடி, தெம்பு வேணாமாங்குது. முப்பத்து நாலு வயசுல ரெண்டாவது பிஸ்கட் மேடம்! வேணாம்னு எந்த வாயால சொல்லுவேன்? டப்பாவயே காலி பண்ணிட்டேன்.

எடை போட்டா முந்நூறு கிராம் கூட. ஒரு மணி நேரம் குடுத்தாங்க. ஓடினேன், எச்சி துப்பினேன். அப்புறம் எப்படியோ எறங்குச்சு. கடைசிச் சுத்துல அந்தப் போலந்துக்காரிய அலாக்காத் தூக்கி வட்டத்துக்கு வெளிய வெச்சேன் பாருங்க, மேலேந்து கத்துனது யாருன்னு நெனைக்கிறீங்க? அது எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு! மெடல வாங்கின கையோட அது கழுத்துல போட்டுட்டுத்தான் உங்ககூட வந்தேன்.

மணி அஞ்சாச்சா? சன்னல் வழியா எட்டிப் பாருங்களேன். நீலக் கோட்டு, அதான் அம்மா. போட்டோ எடுத்து முடிச்சாச்சா? மெடல எல்லார்கிட்டயும் காட்டிருச்சா?

சரி, அந்தச் சாம்பிள் கப்பக் குடுங்க. வரலன்னதெல்லாம் பொய் மேடம், ரெண்டு மணி நேரமாப் பல்லக் கடிச்சு அடக்கிட்டிருக்கேன். அம்மா கால் வீக்கத்துக்குப் போடுற, நீர் பிரியுற மாத்திர இருக்கில்ல, அதுல ஒண்ண அது கைப்பையிலேந்து எடுத்து முழுங்கிட்டுத்தான் மறுபடி எடை போட்டேன். உங்க தடைப் பட்டியல்ல இருக்குன்னு தெரிஞ்சுதான் முழுங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது. எழுதிக்குங்க.

முடிவு வர மூணு வாரம் ஆகுமில்ல? ஞாயித்துக்கெழம டினெக்கேவுக்குப் பிறந்தநாள். மெடலப் போட்டுக்கிட்டுத்தான் போவேங்குது அம்மா. அது மட்டும் முடியட்டும் மேடம். தொடச்சு, நானே திருப்பி அனுப்பிடுறேன்.