ஒரே வாசல் வைத்த பேட்டை

காங்கேயம் செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் பனியன் கம்பெனி அட்டை மாட்டிய இரு பெண்கள் ஏதோ விளையாட்டுக்காகக் கற்பனை நகரம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்கள்.

“டிராகன் தீயைக் கக்குனா, தையக்காரிக பேட்டைல ஒருத்தியும் தப்ப மாட்டா,” என்றாள் ஜன்னலோரப் பெண்.

“ஏன்?”

“ஒரே வாசல். ராத்திரி வெளியே பூட்டிருவாங்க. காவக்காரன் சாவியோட டீ குடிக்கப் போயிருவான்.”

மற்றவள் சிரித்தாள். “ஏனுங்க அம்மணி, ஆட்டுப்பட்டியா அது? எந்த ஊர்ல இப்படிப் பூட்டறாங்க?”

“எங்க ஹாஸ்டல்ல.”

சிரிப்பு நின்றது. “நெசமாவா?”

“தெனமும்.”

மற்றவள் பேனாவைப் பிடுங்கி, பேட்டையின் மதிலில் இன்னொரு வாசல் வரைந்தாள். “இன்னைக்கு எங்கூட்டுக்கு வந்துரு.”

“நான் வந்துருவேன். மத்த புள்ளைங்க?”