மெல்லிய கண்ணாடித் தொட்டி

மூன்று அங்குல இறாலுக்குப் பெரிய தொட்டி தேவையில்லை, சார். ஒன்றரை அடி நீளம் இருந்தால் தாராளம். சின்னதாக வாங்கியதுதான் தப்பு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது சரியல்ல.

செனாய் ஊரில், எங்கள் வீட்டில் நானும் என் தங்கை பிரவீனாவும் மட்டும்தான். அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. அவளுக்காகவே யோகேஸ்வரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

இறாலைக் கொடுத்தவன் வசந்தன், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். சிங்கப்பூரில் வேலை. மாண்டிஸ் இறால் என்றான். மயில் நிறம், அழகாகத்தான் இருந்தது. அவன் கொண்டுவந்த வாளிக்குள் குனிந்து அவள் அதனோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஷிஃப்ட் இருக்கு அக்கா. நீங்களே ஒரு தொட்டி பாத்து வாங்கிட்டு வாங்களேன்."

கடைக்காரர் அப்துல் ஹலீம் மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். "இது குத்துற எறா லா, அக்கா. நண்டு ஓட்டையே ஒடைக்கும். மெல்லிசு கண்ணாடி தாங்காது, அக்ரிலிக் எடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். வேறு மீன் வளர்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, இருப்பதிலேயே மெல்லிய கண்ணாடித் தொட்டியை வாங்கினேன்.

உடைந்தால் இறால் செத்துவிடும், அவ்வளவுதான் என் எண்ணம். அவன் கொடுத்த ஒன்று என் வீட்டில் உயிரோடு இருக்கக் கூடாது. சின்ன புத்தி. ஒப்புக்கொள்கிறேன்.

கூடத்தில் தாழ்வான மேசை மேல் வைத்தோம். பம்பின் வயரைத் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷனில் செருகினாள். பதினொரு நாள் அது உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. "என்னக் கூப்புடுது அக்கா" என்று சிரிப்பாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பசியாறும்போது அவள் சொன்னாள், கல்யாணம் முடிந்த மறுவாரமே சிங்கப்பூருக்குக் குடிபோகிறார்களாம்.

"நீங்க தனியா இருந்து பழகிக்குவீங்க அக்கா. ஒரு பூனை வளருங்களேன்."

கேலி இல்லை, சார். அன்பாகத்தான் சொன்னாள். நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

பத்து மணிவாக்கில் தொட்டி உடைந்தது. உப்புத் தண்ணீர் கூடம் முழுக்க ஓடி எக்ஸ்டென்ஷனை மூடிவிட்டது. இறால் நடுத் தரையில் துடித்தது. பிரவீனா வெறுங்காலோடு ஓடி வந்து ஈரத்துக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். பழைய வீடு. கரண்ட் தானாக நிற்காது. அது அவளுக்கும் தெரியும். மெயின் சுவிட்ச் சமையலறை வாசலில், என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, மெயின ஆஃப் பண்ணுங்க! பண்ணிட்டீங்களா?"

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இறாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதிலிருந்து என் வார்த்தையை நம்பியே பழகியவள்.

மின்சாரம் தாக்கி இறந்தாள் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது சரிதான். நான் வாங்கிய தொட்டியால்தான் போனாள் என்று மூன்று நாள் எல்லோரிடமும் சொல்லி அழுதேன். எல்லோரும் தேற்றினார்கள். வசந்தன்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றான். அதற்குப் பிறகு என்னால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நீங்களும் தொட்டியைப் பற்றியே கேட்கிறீர்கள், சார். சுவிட்சை நான் தொடவேயில்லை.

"பண்ணிட்டேம்மா, நீ எடு" என்றேன்.