ஏப்ரல் பனிக்கு உப்பு

ஏப்ரல் மாதப் பனியை ஆட்கள் தேவையில்லாமல் குறை சொல்கிறார்கள். உண்மையில் அது நம்பக்கூடியது. ஜனவரிப் பனி எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் எல்லாம் மணிக்கூட்டின்படி நடக்கும். காலை எட்டு மணிக்குச் சரிவு கண்ணாடி போல இறுகிக் கிடக்கும். பத்தரைக்கு மேல்தோல் இளகும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஈரச் சீனி மாதிரி இருக்கும், விழுந்தாலும் நோகாது. மூன்றரைக்கு நிழல் வந்துவிட்டால் மறுபடி இறுகத் தொடங்கும்.

இவற்றை நான் இரண்டு குளிர்காலமாகக் கொப்பியில் எழுதி வந்தேன். மொத்தம் ஏழு கொப்பிகள். எவருக்கும் காட்டியதில்லை.

என் பெயர் எமிலியானா. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு வராமல் இல்லை. இத்தாலியில், பலேர்மோ நகரில், பாடத்தைக் கரும்பலகைக்கு அருகில் நின்று வாயால் ஒப்புவிக்க வேண்டும். என்னால் முடியவில்லை. எனக்குப் பதில் தெரியும், வாய் திறக்காது. ஆசிரியை ஒவ்வொரு முறையும் ‘ஆயத்தமில்லை’ என்று குறித்துக்கொள்வார். ஒருநாள் புத்தகப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். பிறகு எடுக்கவில்லை.

அம்மா செல்வமலர் வீடுகள் கூட்டித் துடைக்கப் போகிறவர். அவர் வேலை செய்த ஒரு வீட்டுக்காரியின் சகோதரிக்கு, மதோனியே மலையில், பனிச்சறுக்குச் சரிவின் அடியில் ஒரு சிறிய விடுதி இருந்தது. அவர் பெயர் சிஞ்ஞோரா அகாத்தா. குளிர்காலத்துக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். கட்டில் விரிப்பது, கோப்பை கழுவுவது, படிகளில் உப்புத் தூவுவது. இரண்டு வாரம் கழித்து சிஞ்ஞோரா என் கையில் ஒரு வெண்கட்டியைத் தந்தார். வாசலில் உள்ள பலகையில் பனியின் நிலையை எழுத வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை.

நான் சரிவில் ஏறிக் குதிக்காலால் குத்திப் பார்ப்பேன். கணுக்கால் வரை இறங்கினால் மெது. இறங்காமல் சத்தம் வந்தால் ஐஸ். மூன்றரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடுதிக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான சரிவு, பாதியில் வளைந்து நேராக முற்றத்துக்கு வந்து முடியும். நிழல் அங்கேதான் முதலில் விழும். அதன் தலைப்பில் சிவப்புக் கயிற்றைக் கட்டி, பலகையில் ‘ஐஸ். மூடப்பட்டது’ என்று எழுத வேண்டும்.

வாய் திறந்து ஒரு சொல் பேசாமல், நாற்பது ஐம்பது பேருக்கு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் என் எழுத்தை வாசித்துவிட்டுத் தலையாட்டிப் போவார்கள். வேறு எந்த இடத்திலும் எனக்கு அப்படி நடந்ததில்லை. இதை விளங்கிக்கொண்டால் மற்றது தானாக விளங்கும்.

ஜெனுஷா என் சின்னம்மாவின் மகள். என்னிலும் ஆறு மாதம் மூத்தவள். பள்ளிக்கூடப் பயணத்தில் பனிச்சறுக்குப் பழகினாள். பிறகு ஞாயிறுகளில் விடுதிக்கு வரத் தொடங்கினாள். வந்தால் சிரிப்பாள், விருந்தாளிகளுடன் கதைப்பாள், சிஞ்ஞோராவின் மூட்டுவலியை விசாரிப்பாள். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில் மூன்று நாள் என் அறையில் தங்கினாள். பெரிய சனியன்று சமையலறையில் வைத்து சிஞ்ஞோரா என்னிடம் மென்மையாகச் சொன்னார். அடுத்த குளிர்காலத்துக்கு ஜெனுஷாவைக் கேட்கப் போகிறாராம். வரவேற்பையும் பார்ப்பாள், பலகையையும் அவளே எழுதிவிடலாம். எனக்கு அம்மாவுடன் வேலைக்குப் போவது சந்தோஷமாக இருக்கும், இல்லையா?

நான் தலையாட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள். அது எல்லோருக்கும் தெரியும்.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு மறுநாள் பலேர்மோ முழுவதும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளியே போகும். எங்கள் கோயில் பங்குத் தமிழ்ச் சனம் இந்த வருடம் பஸ் பிடித்துப் பனி பார்க்க வந்தது. பூசை முடித்து, சோற்றுப் பார்சல் கட்டி, செபமாலை சொல்லி வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. இத்தாலியர்கள் காலையிலேயே சறுக்கிவிட்டு இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். பருப்பு, கோழிக்கறி, கட்லட். மாக்கிரட் சின்னம்மா எனக்கு இரண்டு கட்லட் கூடுதலாக வைத்தார்.

“என்ன பிள்ளை, மலையிலை இருந்து மெலிஞ்சு போனாய். வாயைத் திறந்தால்தானே சாப்பாடு போகும்.”

“அவள் வாய் திறக்கமாட்டாள் அம்மா, கொப்பிதான் திறப்பாள்” என்றாள் ஜெனுஷா. “அறையிலை ஏழு கொப்பி கிடக்கு. நான் ஒண்டைப் பார்த்தன்.”

“காதல் கடிதமோடி?” என்று யாரோ கேட்டார்கள்.

“அப்பிடியெண்டாலும் பரவாயில்லையே. முழுக்க நேவே, பனி!” எழுந்து நின்று, கோயிலில் ஞானவாசகம் வாசிப்பதுபோல் இரண்டு கையையும் விரித்தாள். “‘இன்று பனி என்னை வரவிட்டது. என் காலை அது மறக்கவில்லை.’ பனியாம், காலை மறக்கேல்லையாம்!”

மேசை முழுவதும் சிரித்தது. சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வரி பெப்ரவரி பதினொன்றாம் தேதி எழுதியது. அதை அவள் பிழையில்லாமல் சொன்னாள். அவளுக்கு நல்ல ஞாபகசக்தி இருந்தது.

பிறகு என் தோளில் கை போட்டாள். “கோவமோ? நல்லாத்தான் எழுதியிருக்கிறாய், விசரி. சரி சொல்லு, நான் பின்பக்கச் சரிவாலை வந்து இவையளுக்கு முன்னாலை நிக்கவேணும். எத்தினை மணிக்கு நல்லம்?”

“நாலு மணிக்கு வா” என்றேன். “அப்ப எல்லாரும் தேத்தண்ணியோடை வெளியிலை நிப்பினம்.”

அது உண்மை. நான் அன்று சொன்ன எதுவும் பொய்யில்லை.

இரண்டு மணிக்குப் படிக்கு வைத்திருந்த த்ராப்பனி ஊர்க் கல்லுப்பில் ஒரு மூடையை இழுத்துக்கொண்டு போனேன். பாரமாக இருந்தது. றோபேட் சித்தப்பா கண்டுவிட்டு ஓடி வந்தார். ஜெனுஷாவின் அப்பா. மன்னார் உப்பளத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவர். இங்கே கப்பல்துறையில் பெட்டி இறக்குகிறார்.

“எங்கை பிள்ளை இதைக் கொண்டு போறாய்?”

“அந்த வளைவுக்கு, சித்தப்பா. ஜெனுஷா வாற இடம்.”

“ஓமோம், நல்ல யோசினை. உப்பு ஐஸைக் கரைச்சுப்போடும். இஞ்சை விடு, உப்பெண்டால் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.”

மூடையைத் தோளில் போட்டுக்கொண்டு, நகரத்துச் சப்பாத்து வழுக்க வழுக்க ஏறினார். நான் இடத்தைக் காட்டினேன். வளைவின் உள்பக்கம், மரங்களை ஒட்டி. அவர் மணிக்கட்டைத் திருப்பி விசிறி போல வீசினார். எனக்கு அப்படி வராது. ஒரு இடத்திலும் குவியல் விழவில்லை. வீசி முடித்து உள்ளங்கையை நக்கிப் பார்த்தார். “கடுப்புக் காணாது. எங்கடை உப்பு இதிலும் திறம்” என்று சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அது ஒரு நல்ல அரைமணி நேரம்.

ஏப்ரல் மலையில் இருக்காதவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். படியில் படிந்த மெல்லிய ஐஸை உப்புக் கரைக்கும். ஆனால் தண்ணீர் ஊறிய வசந்தகாலப் பனியில் கல்லுப்பைத் தூவினால், அது கரையும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பனி இறுகிச் சீமெந்தாகும். மார்ச் மாதத்தில் பிள்ளைகளின் போட்டிக்குப் பாதை குழையாமலிருக்க இப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆறாவது கொப்பியில் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இது தெரிய நியாயமில்லை. முற்றத்து வெயிலில் காலால் தட்டிப் பார்த்துவிட்டு மலை முழுவதும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். ஜெனுஷாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் பத்தரைக்கும் மூன்றரைக்கும் இடையில்தான் சறுக்கியிருக்கிறாள். நிழல் விழுந்த பிறகு அவளை நான் ஒருநாளும் விட்டதில்லை. கயிறு இருக்கும்.

மூன்றரைக்கு வழமைபோலக் கயிற்றுடன் மேலே போனேன். அதைக் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்தேன். மூன்று ஐம்பதுக்கு வளைவில் குத்திப் பார்த்தேன். கொப்பியில் எழுதினேன்: ‘3.50. குதிக்கால் இறங்கவில்லை. சத்தம் நன்றாக வருகிறது.’

ஜெனுஷா நேரத்துக்கு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

“இதைப் பிடி. போட்டால் நான்தான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, மஞ்சள் சட்டியைப் போட்ட ஆரோ எண்டு நினைப்பினம். எப்பிடிக் கிடக்கு? போர்டிலை மெது எண்டு போட்டிருக்கிறாய்.”

நான் தலையாட்டினேன்.

“இவ்வளவுநாளும் நேவே எழுதினதுக்கு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம்” என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினாள். “எமி, உனக்கொரு விசயம் சொல்லவேணும். கீழை வந்து சொல்லுறன்.”

பிறகு போனாள். முதல் பாதி அழகாக இருந்தது. வளைவில் அவள் திரும்பினாள், காலிலிருந்த சறுக்குப் பலகைகள் திரும்பவில்லை. மரத்தில் பட்ட சத்தம் பெரிதாக இல்லை. கதவைச் சாத்துவது போல. முற்றத்திலிருந்தவர்கள் முதலில் கைதட்டினார்கள். மரங்கள் மறைத்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் ஒரு காலைத்தான் கணக்கிட்டிருந்தேன். முறிந்த கால் பொருந்த ஒரு குளிர்காலம் போகும். எனக்கு ஒரு குளிர்காலம்தான் தேவைப்பட்டது. தலைக்கவசத்தைக் கழற்றியது அவள். நான் கழற்றச் சொல்லவில்லை. அது என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

எல்லோரும் அவளிடம் ஓடியபோது நான் வேலையை முடித்தேன். கயிற்றைக் கட்டினேன். தலைக்கவசத்தை அதற்கடியில் வைத்தேன். காட்டுப்பாதையால் இறங்கிப் போய்ப் பலகையை அழித்து, ‘3.30. ஐஸ். மூடப்பட்டது’ என்று எழுதினேன். ஹெலிகொப்ரர் வந்தபோது என் விரலில் வெண்கட்டித் தூள் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, சின்னம்மாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

காராபினியேரிப் பொலிஸார் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். கயிறு கட்டியிருந்ததா? பலகை எழுதியிருந்ததா? அவள் கயிற்றைத் தாண்டிப் போனாளா? மூன்றுக்கும் தலையாட்டினேன். றோபேட் சித்தப்பா எனக்காகப் பேசினார். “இந்தப் பிள்ளை கவனமான பிள்ளை. உப்புக்கூடப் போட்டவள். நான்தான் தூவினனான்.” இத்தாலியில் சொல்லிவிட்டு, விளங்காதோ என்று தமிழிலும் சொன்னார். பிறகு பாதையோரத்தில் உட்கார்ந்து கைகளைப் பனியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் தாங்கமாட்டார். எனக்கும் இரக்கம் இருக்கிறது.

மே மாதத்தில் சிஞ்ஞோரா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விழுந்த அன்று காலையிலேயே ஜெனுஷா அவரிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ‘அந்த மலை எமியுடையது, அதை எடுத்தால் அவளிடம் ஒன்றும் மிஞ்சாது’ என்றாளாம். அதைத்தான் கீழே வந்து சொல்ல நினைத்திருப்பாள். இதையும் கேட்ட அன்றே கொப்பியில் எழுதினேன். நடந்தது எதுவாக இருந்தாலும் எழுத வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கு என்னைக் கட்டாயம் வரச்சொன்னார் சிஞ்ஞோரா. நான் இல்லை என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அது முதல் தடவை. எனக்கு இப்போது மலை தேவைப்படவில்லை.

இப்போது ஜெனுஷா வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், சின்னம்மா வீட்டில் படுத்திருக்கிறாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை, பேச்சுமில்லை. கேட்கும், விளங்கும் என்று வைத்தியர் சொன்னார். சின்னம்மாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போக வேண்டும். எட்டிலிருந்து நாலு வரை நான் பார்க்கிறேன். உடம்பு துடைப்பேன், திருப்பிப் படுக்கவைப்பேன், குழாயால் சாப்பாடு கொடுப்பேன். ஒரு புண்கூட வரவிடவில்லை. பங்குச்சுவாமி பூசையில் என் பெயரைச் சொல்லி மன்றாடினார்.

பின்னேரங்களில் கொப்பி வாசிக்கிறேன். சத்தமாக. எனக்கு வாய் திறக்கிறது, அதுதான் ஆச்சரியம். கேட்க ஒருவர் இருந்தால் போதும் போலிருக்கிறது. அவள் சிரிப்பதில்லை. ஏழு கொப்பியும் முடிந்து, போன கிழமையிலிருந்து இதை வாசிக்கிறேன், எட்டாவது. உப்பு வரும் இடத்தில் அவளுக்குக் கண்ணீர் வரும். துடைத்துவிட்டுத் தொடர்வேன்.

வைத்தியர் எங்களுக்கு ஒரு முறையைப் பழக்கினார். ஒருதரம் கண்ணை மூடித் திறந்தால் ஓம். இரண்டுதரம் என்றால் இல்லை. நான் கேட்காமல் ஒருநாளும் தொடங்குவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, “வாசிக்கட்டோ, ஜெனுஷா?” என்று கேட்பேன்.

அவள் இரண்டுதரம் மூடித் திறக்கிறாள். ஒவ்வொரு நாளும் இரண்டுதரம். ஒருதரம் ஓம் சொன்னது போதாதென்று இன்னொருதரமும் சொல்கிறாள். அவ்வளவு விருப்பம் அவளுக்கு.