சாய்ந்து நிற்கும் இடம்

வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடப்பது எனக்குப் பிடிக்காது. அதற்காக யாரோடும் நான் சண்டைக்குப் போனதில்லை. என் தம்பி மனைவி வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ஒரு செருப்போடுதான் நடப்பாள். இரும்புப் படியில் வெறுங்காலோடு ஏறினால் பாதம் உறுத்துகிறது என்பாள். உறுத்தும் என்று தெரிந்தால் எதற்கு இரும்பில் படி வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் அப்படித்தான். எதையும் உடனே வாய்விட்டுச் சொல்லிவிட மாட்டேன்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வீட்டுக்கு வரைபடம் போட்டது அவள்தான். அவள் தொழிலே அது. மனசுக்குள் அவளை வரைபடக்காரி என்றுதான் நான் கூப்பிடுவேன். பழைய பட்டறைகளையும் கிடங்குகளையும் வீடாக மாற்றிக் குடியிருப்பது இப்போது ஒரு மோஸ்தராம். பட்டறை கிடைக்காதவர்கள் புது வீட்டையே பட்டறை மாதிரிக் கட்டிக்கொள்கிறார்கள். பூசாத சிமெண்டுச் சுவர், தலைக்கு மேலே மறைக்காத குழாய்கள், கூடத்தின் நடுவில் கறுப்பு இரும்புப் படிக்கட்டு. அதற்கு இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. நடுவில் தாங்குவதற்கு ஒரே ஒரு உத்திரம், அதன்மேல் சல்லடை போன்ற இரும்புத் தட்டுகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் வெறும் காற்று. ஏறி முடிகிற இடத்தில் கூடத்தைப் பார்த்தபடி ஒரு நடை. அதன் விளிம்பில் இரும்புக் கம்பங்கள் நிறுத்தி, கம்பத்துக்குக் கம்பம் எஃகுக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டிய கிராதி. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படம் பிடிப்பார்கள்.

குடிவந்த அன்று, நாளெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒரு தொழிற்சாலையா என்று நான் வேடிக்கையாகக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். வேடிக்கை சொன்னவளைவிட அதிகமாகச் சிரிக்கிறவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்தது இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பரிசோதனைப் பிரிவில். செய்து அனுப்பும் பொருள் சரியாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, இந்த அம்மா கண்ணில் எதுவும் தப்பாது என்று பேசினார்கள். அந்தக் கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா, சொல்லுங்கள்.

தம்பியை வளர்த்தது நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு கல்யாணம் என்று பேசக்கூட ஆள் இல்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது வந்த ஜாதகங்களையெல்லாம் நான்தான் சலித்தேன். ஒருத்திக்குப் பேச்சு அதிகம், ஒருத்திக்குப் பேச்சே இல்லை, ஒருத்தியின் அம்மாவுக்கு வாய் நீளம். எந்தச் சரக்கும் தேறவில்லை. கடைசியில் என்னிடம் காட்டாமலே இவளை அவன் பார்த்துவிட்டான். பரிசோதனை ஆகாமல் உள்ளே வந்த பொருள் இவள் ஒருத்திதான்.

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லவே இல்லை. அண்ணி, அண்ணி என்று மரியாதையாகத்தான் பேசுவாள். எனக்குக் கீழே அறை, அவர்களுக்கு மேலே. முழங்கால் வலியோடு நான் ஏறி இறங்க வேண்டாம் என்று அப்படி வைத்தாளாம். எனக்கு முழங்கால் வலி என்று அவளுக்கு யார் சொன்னது? நான்தான் எப்போதோ ஒரு தடவை சொன்னேன். அதை அவள் நினைவில் வைத்திருந்தாள் பாருங்கள், அதுதான் விஷயம். பிறகு படிகளில் எனக்காக ரப்பர் ஒட்ட வைத்தாள். என் கைக்கு எட்டுகிற உயரத்தில் இன்னொரு கைப்பிடி போடட்டுமா என்று கேட்டாள். ஒரு மனுஷிக்கு இவ்வளவு அக்கறை எதற்கு? காரணமில்லாமல் யாரும் யாருக்கும் கைப்பிடி போட்டுக் கொடுப்பதில்லை.

படிக்கட்டுக்குப் பக்கத்தில், மேல்நடையைப் பார்த்தபடி, அதன் விளிம்புக்குக் கீழே சற்றுத் தள்ளி ஒரு நாற்காலி போட்டுக் காய் நறுக்குவது என் வழக்கம். அங்கே உட்கார்ந்தால் ஏறி இறங்குகிறவர்களின் உள்ளங்கால் தெரியும். முகத்தைவிட உள்ளங்கால் உண்மை பேசும். தம்பி என்னைத் தாண்டி ஏறும்போது இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவான். அவள்தான் அவனை அவசரப்படுத்துகிறாள் என்று புரிந்துகொண்டேன். மேலே பேசினால் கீழே கேட்கும், அந்த வீட்டின் அமைப்பு அப்படி. அவன் தணிந்த குரலில் பேசுகிறவன். அவள் குரல் மணி மாதிரி. அதனால் என் காதில் விழுந்ததெல்லாம் அவள் பேச்சுதான்.

ஒருநாள் தம்பி ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். தெரிந்தவர் என்றான். அந்தப் பெண் என் அருகில் உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா, மருந்தெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேனா, பலரோடு சேர்ந்து இருப்பது பிடிக்குமா என்று கேட்டாள். வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றை நடத்துகிறவள் என்று அவள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அழைத்து வந்தவன் தம்பிதான். யார் சொல்லி அழைத்து வந்திருப்பான் என்பது எனக்குத் தெரியாதா? வரைபடக்காரி அன்று வீட்டிலேயே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே இருவருக்கும் ஏதோ வாக்குவாதம். அவள் குரல் தெளிவாக விழுந்தது.

"அண்ணியத் தனியா அனுப்ப..."

மீதி வார்த்தையைக் குழாய்த் தண்ணீரின் சத்தம் தின்றுவிட்டது. மீதி எனக்குத் தேவைப்படவும் இல்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டிய ஒரு பொருள் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது. கோளாறு இருக்கிறது என்று இத்தனை நாளும் தெரியும், இடம்தான் தெரியாமல் இருந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் கையில் தேநீரோடு மேல்நடையில் வந்து, படி முடிகிற இடத்துக்கு அடுத்த கம்பத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போன் பேசுவாள். எப்போதும் அதே இடம். அவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நான் மேலே ஏறினேன். ரப்பர் ஒட்டியிருந்ததால் ஏறச் சிரமமாக இல்லை. அந்தக் கம்பத்தின் அடியிலும் அதற்குப் பக்கத்துக் கம்பத்தின் அடியிலும் இருந்த நட்டுகளை ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினேன். பெயிண்ட் உதிராமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டேன். முழுக்கக் கழற்றவில்லை. மரையின் நுனியில் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு விட்டேன். தொட்டால் ஆடாது, சாய்ந்தால் தாங்காது. துடைத்துப் பெருக்கிவிட்டு இறங்கி வந்தேன். அன்று சமையல் கொஞ்சம் தாமதமானது. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கொல்ல நினைத்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவள் ஒரு தடவை பயப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் பயப்படுவதற்கு ஆள் மிஞ்சாது என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

மறுநாள் காலை நான் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் மேல்நடைக்கு வந்தாள். தேநீர் இல்லை, போனும் இல்லை. கம்பத்தில் சாயாமல், எதிர்ப் பக்கத்துச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள் என்று நினைக்கிறேன். பின்னாலேயே தம்பி வந்தான். அவள் அவனிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"கீழ போய் அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. இப்படி மேல நின்னு சொல்லாதீங்க."

அவளே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறாள் என்று நான் நினைத்தேன். அவன் அவள் பேச்சைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார அவனுக்கு எப்போதுமே தயக்கம் உண்டு, மரியாதை அதிகம். என்னைப் பார்ப்பதற்காகக் கிராதியை நோக்கி வந்தான். கம்பத்தில் கை வைத்தான்.

"அக்கா," என்றான். "உங்கிட்ட ஒண்ணு பேசணும். கோச்சுக்கக் கூடாது."

அங்கே சாயாதே. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அவனுக்குப் பின்னாலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் சாயக் கூடாது என்று அவள் கேட்பாள். அவளும் கூர்மையானவள்தான். அவள் முன்னால் நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவன் ஒருவேளை சாயாமலே பேசிவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுப்பா" என்றேன்.

நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

அவன் விழுந்தது என் காலடியில். உயிர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, பேச்சும் வராது, ஆனால் புரிகிறது என்று மருத்துவர் சொன்னார்.

எல்லோரும் அவளைத்தான் பேசினார்கள். அழகுக்கு ஆசைப்பட்டு ஆளை முடமாக்கிவிட்டாள் என்றார்கள். அவளும் அப்படியே நம்பினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியலையே அண்ணி என்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. "விடும்மா. எல்லாருக்கும் தப்பு வரும். உனக்கும் வந்துடுச்சு," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். என் மடியில் படுத்து அழுதாள்.

பிறகு அந்தக் கிராதி செய்த வெல்டர் வந்து பார்த்தார். இது தானாகத் தளர்ந்ததில்லை, யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள் என்றார். தன் தப்பை மறைக்கச் சொல்கிறார் என்று அவரையே நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நட்டுகளை அசைக்க நான் எவ்வளவு சிரமப்பட்டேன் தெரியுமா? நல்ல வேலைக்கு நான் எப்போதும் மதிப்புக் கொடுப்பேன். அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, விடுதிக்கு ஏற்பாடு செய்தது தம்பிதான் என்றாள். அவன் பல மாதமாகவே இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டிருந்தானாம். அக்கா இருக்கிற வீட்டில் மூச்சு விட முடியவில்லை என்பானாம். "அண்ணியத் தனியா அனுப்ப வேண்டாம்னு நான்தான் சண்டை போட்டுட்டு இருந்தேன். அன்னிக்கும் அதுக்குத்தான் அழுதேன்," என்றாள். முகத்தில் பொய் தெரியவில்லை. நன்றாகப் பொய் சொல்கிறவர்களுக்குத் தெரியாது. நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித் தருகிறாள்.

இப்போது அவன் கீழே, என் அறையில்தான் இருக்கிறான். குடும்பம் நடக்க வேண்டுமே, அவள் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறாள். அவனைத் துடைத்துவிடுவதும் ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் நான்தான். சின்ன வயதில் செய்ததெல்லாம் கை மறக்கவில்லை. நீங்கள் எழுதி முடித்தால் நான் கிளம்ப வேண்டும், அவனுக்குச் சாப்பாட்டு நேரம். வேறு யாருக்கும் அவன் இப்படி இல்லை. நான் அறைக்குள் கால் வைத்தாலே அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கிவிடுகிறது, நான் வெளியே போகிற வரைக்கும் நிற்பதில்லை. வாய் பேச முடியாத பிள்ளை, பாசத்தை வேறு எப்படித்தான் காட்டுவான்.