வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

— வலையை விடு இல்யாஸ். நீ இழுக்கற பக்கம் இழுத்தா சிக்கு இன்னும் இறுகும்.

— தனியா இதை எடுக்க முடியாதுக்கா. பாதி மணலுக்குள்ள கெடக்கு. ஆறு பேர் வேணும்.

— போன வெள்ளிக்கிழமை கரையைச் சுத்தம் பண்ண நாப்பது பேர் இருந்தாங்க. இன்னைக்கு நான் ஒருத்தி. யாரால? சரி, இருக்கட்டும். நீ எதுக்கு வந்தே?

— உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான். ஜும்மா தொழுகை முடிஞ்சு வெளிய வந்தேன், வஹீதாக்கா சின்னத் தோணியைத் தள்ளிக்கிட்டு தனியா ஆளில்லாத காஷித் தீவுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. காத்து மாறிட்டு வருது. உங்க தோணியை என் படகுல கட்டி இழுத்துட்டுப் போயிடறேன், வாங்க.

— காத்து எப்ப மாறும்னு எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வந்து சொல்லணுமா?

— உங்க மக நஷ்வா துறையில நின்னுட்டிருக்கா. உம்மா எதுவும் சாப்பிடாமப் போயிட்டாங்கன்னு ரொட்டியும் மாசிக் கருவாடும் குடுத்து விட்டிருக்கா.

— அந்தத் தாழை நிழல்ல வை.

— ஒரு வாய் சாப்பிடுங்க.

— வைன்னு சொன்னேன்ல. எறும்பாவது திங்கட்டும்.

— அக்கா, விஷயம் என்னன்னா...

— ஏழு வருஷமா நீ 'விஷயம் என்னன்னா'ன்னு ஆரம்பிச்சா ஊரே வாயை மூடிக்கிட்டு கேட்டுச்சு. நானும்தான். இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேளு. நேத்துக் கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

— நானும் அங்கதானே இருந்தேன்.

— நீ மேடையில இருந்தே. கீழ உக்காந்திருந்தவங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. தலைநகர் மாலேலேருந்து வந்த ஆள் எழுந்தாரு. காஷித் தீவைச் சுற்றுலா விடுதிக்காரங்களுக்குக் குடுக்கறதுல இந்த ஊருக்கு முழுச் சம்மதம், அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு படிச்சாரு. நான் பக்கத்துல இருந்த ஷரீஃபாவைக் கேட்டேன், நீ போட்டியான்னு. அவ அல்லாஹ் மேல ஆணையா இல்லைன்னா. அவ பின்னால திரும்பி அவ நாத்தனாரைக் கேட்டா. அவளும் இல்லைன்னா. ஆனா நாத்தனார் சொன்னதை ஷரீஃபா நம்பல. அந்த மூஞ்சியைப் பார்த்தேன் நான். ஒரு தட்டுல சாப்பிட்டவங்க இல்யாஸ். அரை நாழிகைல ஒருத்தரை ஒருத்தர் திருடனைப் பார்க்கற மாதிரி பார்க்க ஆரம்பிச்சோம். மீன்கார ரஃபீக்கோட மருமகனை, நீதான் போட்டிருப்பேன்னு ஒருத்தன் சட்டையைப் பிடிச்சான்.

— நான் வந்து விலக்கி விட்டேனே.

— விலக்கி விட்டே. அந்தத் தாள் எப்படி வந்துச்சுன்னு சொன்னியா? அப்பதான் நான் எழுந்து போய், அந்தத் தாளைக் காட்டுங்கன்னு கேட்டேன். அந்த ஆளு மரியாதையாத்தான் காட்டினாரு. முதல் பேரு என் பேரு. வஹீதா. அடையாள அட்டை எண், கையெழுத்து, எல்லாம் நான் போட்டதுதான். முதல் எழுத்தோட வால் ஈரத்துல கலைஞ்சிருந்துச்சு. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு எந்த நாள்னு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, அந்தப் புயல் ஓஞ்ச வெள்ளிக்கிழமை. மழைத் தூத்தல்ல தார்ப்பாய்க்கு அடியில குனிஞ்சு போட்டது. அன்னைக்குத்தானே ஊரே திரண்டு வந்துச்சு, ரெண்டு ஆமை வலையோட கரை ஒதுங்கிக் கெடந்துச்சு?

— ஞாபகம் இருக்கு.

— வெள்ளிக்கிழமைதோறும் யார் யார் வந்தோம்னு எழுதி வைக்கணும்னு நீதான் சொன்னே. எதிர்காலத்துல நம்ம பிள்ளைங்க படிப்பாங்கன்னு சொன்னே. தாளோட தலையில நீயே உன் அழகான எழுத்துல 'காஷித் தீவு, கரை சுத்தம்'னு எழுதினே. அந்த வரியையும் தேதியையும் வெட்டி எடுத்துட்டு, மேல வேற வரி ஒட்டி நகல் எடுத்திருக்கீங்க. வரிசையைப் படிச்சுக்கிட்டே வந்தேன். முப்பத்தி நாலாவது பேரு நம்ம கிழவர் மூஸா தீதி.

— அக்கா...

— அன்னைக்கு அவருக்கு மூச்சு வாங்கிட்டிருந்துச்சு. நடக்க முடியாது, மூட்டை வாயையாவது கட்டறேன்னு வந்து உக்காந்தாரு. கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரலை வச்சாரு. அடுத்த மாசம் மவுத்தாயிட்டாரு. கஃபனுக்குத் துணி கிழிச்சது நான்தான். அந்த மனுஷன் இப்ப கபுருக்குள்ள கெடந்து விடுதிக்காரங்களுக்குச் சம்மதம் சொல்லியிருக்காரு.

— மூஸா தீதி பேரு அதுல இருந்ததை நான் கவனிக்கல. சத்தியமா.

— கவனிச்சிருந்தா?

— எடுத்திருப்பேன்.

— அவர் பேரை மட்டும் எடுத்திருப்பே.

— விஷயம் என்னன்னா அக்கா... இல்ல, கோபப்படாமக் கேளுங்க. என் வகுப்புல பத்தாவது முடிச்ச பதினெட்டுப் பேர்ல பதினஞ்சு பேர் மாலேல இருக்காங்க. ஒரே அறைக்குள்ள முறை வச்சுத் தூங்கறாங்க. விடுதி வந்தா அதுல பாதிப் பேர் திரும்பி வருவாங்க. தெனம் சாயங்காலம் படகேறி வீட்டுக்கு வந்துடலாம். இதை நான் ஊரைக் கேட்டுச் செஞ்சிருக்கலாம். கேட்டா நீங்க முடியாதுன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்லிட்டா ஊரும் அதையேதான் சொல்லும்.

— அப்ப கேக்க வேண்டிய இடம் எதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரிஞ்சுதான் இருந்துச்சு.

— ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. என் புருஷன் ஸாலிஹ் மவுத்தான வருஷம், நான் வாசல்ல உக்காந்தே கெடந்தப்ப, நீ வந்தே. அவர் தோணியோட சுழலியில வலை சுத்தி, எஞ்சின் நின்னு, அலை தூக்கிப் பாறையில அடிச்சது நாடறிஞ்ச கதை. நீ வந்து என்ன சொன்னே? 'அக்கா, அந்த மாதிரி வலை காஷித் தீவுல இன்னும் நூறு கெடக்கு, ஒவ்வொண்ணா எடுத்துடலாம் வாங்க'ன்னே. அந்த ஒரு பேச்சுக்குத்தான் நான் எழுந்தேன். அன்னைக்கே உன் மனசுல இது இருந்துச்சா?

— இல்லக்கா. அல்லாஹ் அறிய இல்ல. அன்னைக்கு வலை மட்டும்தான் இருந்துச்சு. போன வருஷம்தான் அவங்க வந்தாங்க. படகுல தீவு தீவாப் பார்த்துட்டுப் போனவங்க இங்க இறங்கினாங்க. இந்தக் கரையைப் பார்த்துட்டு அசந்துட்டாங்க. மத்த தீவெல்லாம் போத்தலும் செருப்புமாக் கெடக்கு, இது மட்டும் எப்படி இப்படி இருக்குன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நான்தான் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டினேன்.

— குப்பையாவே கெடந்திருந்தா திரும்பியும் பார்த்திருக்க மாட்டாங்க. ஏழு வருஷம் நாம பெருக்கி வச்சிருக்கோம் இல்யாஸ். வந்து குடியேறுங்கன்னு வாசல் தெளிச்சு வச்சிருக்கோம். அடுத்த மாசத்துலேருந்து இந்த மணல்ல நான் கால் வைக்கக்கூடாது, அப்படித்தானே?

— உங்களுக்கு மட்டும் அனுமதி வாங்கித் தர்றேன். பேசிட்டேன். எனக்குக் கரைப் பராமரிப்பு அதிகாரின்னு வேலை போட்டிருக்காங்க. நீங்க எப்ப வேணும்னாலும்...

— உன் அனுமதியில நான் வரணும்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— அந்தக் கத்தியை எடு. இந்தக் கயிறு பாறைக்கு அடியில போகுது.

— நான் அறுக்கறேன். நகருங்க.

— கத்தியைக் குடு. நீ வெட்டி ஒட்டினது போதும். மத்தவங்க நம்பிப் போட்ட கையெழுத்தைத் திருடின கையால இதைத் தொடாதே.

— வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஏமாத்தினேன்னு சொல்லுங்க, துரோகின்னு சொல்லுங்க, தலையைக் குனிஞ்சு கேட்டுக்கறேன். திருடினேன்னு மட்டும் சொல்லாதீங்கக்கா.

— கயித்தை இறுக்கிப் பிடி.

— தாள் ஒண்ணுகூட என்கிட்ட இருந்ததில்ல. என் வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு முதல் வருஷத்துலேருந்தே எல்லாத்தையும் அப்பப்ப உங்ககிட்டக் குடுத்துட்டு வந்தேன். படுக்கை அறை அலமாரியில, ஸாலிஹ் அண்ணன் கடிகாரத்தோட வச்சுப் பூட்டியிருக்கேன்னு நீங்கதான் சொன்னீங்க.

— பிடியைத் தளர விடாதேன்னு சொன்னேன்.

— நான் இந்த ஏழு வருஷத்துல உங்க வாசப்படி தாண்டி உள்ள வந்தது கிடையாது. அந்த அலமாரியைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல. சாவி எங்க இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?

— காத்து மாறிடுச்சு. கிளம்பணும்னு சொன்னியே.

— அந்த வீட்டுல இருக்கறது ரெண்டே பேர். நேத்திலேருந்து என்னென்னமோ கேட்டுட்டீங்க. கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேட்டீங்க, இப்பவும் கேட்டீங்க. அந்தத் தாளை என் கையில கொண்டாந்து குடுத்தது யாருன்னு மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கலையேக்கா.

— கேக்க மாட்டேன். கேட்டா நீ பேரைச் சொல்லிடுவே. சொல்லிட்டா, சாயங்காலம் நான் எந்த வீட்டுக்குப் போறது?