ப்ரேக் மிதிக்கிற கால்

குமாரசாமி: ...அளக்கறதுக்கு ஒரு டேப்பு கூடவா வாங்கி வெக்கல? என்ற கைய எதுக்கு அம்மணி இழுக்கற?

செவ்வந்தி: உங்க காலுக்கு உங்க விரல்தானுங்கய்யா அளவு. முட்டிச் சில்லுக்குக் கீழ நாலு விரல் வையுங்க. எலும்புல இருந்து வெளிப்பக்கமா ஒரு விரல். அங்கதான் புள்ளி.

குமாரசாமி: பாத்துக்க சுப்பாத்தா. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சுப்போட்டு ஊசி வைத்தியம் பாக்கற புள்ள, கிட்டிப்புல்லுக்கு அளக்கற மாதிரி அளக்குது.

சுப்பாத்தாள்: பேசாம படுங்க. தொண்டாமுத்தூர்ல இருந்து பீளமேட்டுக்கு ரெண்டு பஸ் மாறி வந்தது உங்க லொள்ளக் கேக்கறதுக்கில்ல.

குமாரசாமி: பஸ்ல ஏன் வந்தோம்? ஸ்கூல் வேன் ஓட்டறவன் கட்டுன பொண்டாட்டிக்கு வேன் சாவியப் பத்திரமா வெக்கத் தெரியல. மூணு நாளாக் காணோம். இருபத்திரண்டு கொழந்தைக ஆட்டோவுல போகுது.

சுப்பாத்தாள்: கடைசியா வெச்சது ஆருங்க?

செவ்வந்தி: இங்க அமுக்குனா கொடையற மாதிரி இருக்குதுங்களா?

குமாரசாமி: ஆத்தாடி! விரலா, கடப்பாரையா?

செவ்வந்தி: அப்ப எடம் சரிதான். ஒரு சின்னத் தட்டு... போயிருச்சுங்க ஊசி.

குமாரசாமி: இவ்வளவுதானா? இதுக்கா சீனா வைத்தியம்னு இத்தன பேரு? எங்க காட்டுல கட்டெறும்பு சும்மாவே குத்துது.

சுப்பாத்தாள்: அது குத்தியாவது உங்க வாய் மூடுச்சா?

செவ்வந்தி: அடுத்தது வலது பாதம்.

குமாரசாமி: பாதத்துக்கு எதுக்கு? நோவு முட்டியில.

சுப்பாத்தாள்: நாந்தான் பாக்கச் சொன்னேன்.

குமாரசாமி: நீ எப்ப டாக்டரான?

செவ்வந்தி: துண்ட மூஞ்சி மேல போட்டுக்குங்கய்யா. நீங்க மொறச்சுப் பாத்தா எனக்கு எடம் தப்பிப்போகும். ம்... பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல, கொஞ்சம் மேல...

குமாரசாமி: ஸ்ஸ்... ஆ! நோவுது, நோவுது! நல்லாத் தெரியுது போ!

செவ்வந்தி: ஐயா... நான் இன்னும் ஊசியவே எடுக்கலீங்க.

சுப்பாத்தாள்: வேசங்கட்டுனா கோயில் நோம்பிக்கு நல்லாக் கூட்டம் வரும்.

குமாரசாமி: பயத்துல கத்திப்போட்டேன். ஊசின்னா ஆருக்குத்தான் பயமில்ல? சரி, குத்து.

செவ்வந்தி: ...

குமாரசாமி: குத்து அம்மணி. நல்ல நேரம் பாக்கறியா?

செவ்வந்தி: ...

குமாரசாமி: ஏ புள்ள, நின்னுட்டே தூங்கிட்டியா?

செவ்வந்தி: மூணு ஊசி நிக்குதுங்கய்யா.

குமாரசாமி: ...எங்க?

செவ்வந்தி: பாதத்துல. துண்ட எடுத்துப் பாருங்க.

குமாரசாமி: ...உனக்குக் குத்தத் தெரியல. எடம் தப்பு.

செவ்வந்தி: தப்பாவே இருக்கட்டும்ங்க. தப்பான எடத்துல குத்துனா இன்னும் நல்லாத்தான நோவணும்?

சுப்பாத்தாள்: இப்பப் பேசுங்க.

குமாரசாமி: கொஞ்சம் மரமரன்னு இருக்குது... அவ்வளவுதான்.

செவ்வந்தி: சக்கரை இருக்குதுங்களா?

சுப்பாத்தாள்: ஏழு வருசமா. மாத்திரைய ஜன்னல்ல வெச்சு அழகு பாக்கறாரு.

செவ்வந்தி: இது என்ற ஊசியில தீர்ற விசயமில்லீங்க. இன்னிக்கே நரம்பு டாக்டரப் பாருங்க. அவரு சொல்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க. இது ப்ரேக் மிதிக்கற காலு.

குமாரசாமி: கண்ணு... வெளிய சொல்லிப்போடாத. ஸ்கூல்ல தெரிஞ்சா நாளைக்கே வேற டிரைவரப் போட்டுருவாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? நான் எச்சரிக்கையாத்தான் ஓட்டறேன்.

சுப்பாத்தாள்: என்னுங்க எச்சரிக்கை?

குமாரசாமி: ரெண்டு மாசமா... ப்ரேக் மேல கால் இருக்குதான்னு... குனிஞ்சு பாத்துட்டுத்தான் மிதிக்கறேன்.

சுப்பாத்தாள்: அப்ப ரோட்டப் பாக்கறது ஆருங்க? எல்.கே.ஜி. புள்ளைகளா?

குமாரசாமி: உனக்கு... எப்பத் தெரியும்?

சுப்பாத்தாள்: திங்கக்கெழமை மத்தியானம். நீங்க தூங்கறப்ப உங்க உள்ளங்கால்ல ஒரு வேலமுள்ளு. புடுங்குனேன், ரத்தம் வந்துச்சு. நீங்க கொறட்டைய நிறுத்தல. அப்பவே சாவிய எடுத்து என்ற பையில போட்டுட்டேன். அந்தப் பையத்தானுங்க பஸ்ல நீங்க மடியில வெச்சுட்டு வந்தீங்க.